இரண்டாவது சொட்டு எண்ணெய்

ஒரு பஞ்சாலை ஊரில் தொழிலாளர்களின் சிக்கன நாணயச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் இரும்புப் பெட்டியில் இரண்டு கொண்டிகள், இரண்டு பூட்டுகள். மேல்பூட்டின் சாவி செயலாளரிடம். கீழ்ப்பூட்டின் சாவி காசாளர் சகாயத்திடம். இருவரும் வந்து நின்றால்தான் பெட்டி திறக்கும். பஞ்சுத் தூசியை விழுங்கி விழுங்கி ஊர் சேர்த்த காசு அதற்குள் இருந்தது.

ஆயுத பூஜையன்று ஒரு சொட்டு எண்ணெய், ஒரு பொட்டுச் சந்தனம். பூட்டுகளின் சம்பளம் அவ்வளவுதான். இரண்டாவது சொட்டு கேட்டு மேல்பூட்டு பல வருடங்களாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. கீழ்ப்பூட்டு ஒரு நாளும் கூடச் சேர்ந்து கிறீச்சிட்டதில்லை. "கத்தி என்ன ஆகப்போகுது அண்ணே?" என்று தன் ஒரு சொட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடும்.

எதிர்த் தெருவில் புதிதாக ஒரு பைனான்ஸ் கம்பெனி வரவிருந்தது. அதன் முதலாளி செயலாளரைப் பார்க்க வந்தவர், தன் சாவி வளையத்தை மேசைமேல் வைத்தார். பளபளவென்றிருந்த வளையம் கீழ்ப்பூட்டைப் பார்த்துச் சிரித்தது.

"என்ன பிரதர், இன்னும் இந்தத் துருப்பிடிச்ச கொண்டியிலயா தொங்கறீங்க? எங்க கம்பெனிக்கு வாங்க. வாசல் கதவே உங்களுக்குத்தான். வாரம் ஒரு சொட்டு எண்ணெய். வசூல் கூடினா ரெண்டு. பாலீஷ் தனி."

"கம்பெனி நிலைக்குமா?"

"அந்தக் கவலை இருக்கறவன் கடைசிவரைக்கும் இங்கதான் தொங்கணும். அங்க நீங்க ஒரே ஆளு. இன்னொருத்தன் சாவி எப்ப வரும்னு காத்துக் கிடக்க வேண்டாம்."

முதலாளியோடு வளையம் போய்விட்டது. கீழ்ப்பூட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, போயிடலாம்னு பார்க்கறேன். இங்க இருந்தா துருதான்."

"துருதான். நான் இல்லைன்னு சொல்லல." மேல்பூட்டின் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "போன சித்திரையில, சகாயம் லீவுல இருந்தப்ப, செயலாளர் தனியா வந்தாரே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நான் திறந்துட்டேன். என் சாவி வந்தா நான் திறந்துதான் ஆகணும். பெட்டி திறக்காம நின்னது நீ பக்கத்துல இருந்ததால. கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துட்டுத் திட்டிக்கிட்டே போனார். நமக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான்டா தம்பி."

"உங்களை யாரும் கூப்பிடல. அதான் இப்படிப் பேசறீங்க."



மறுநாள் காலை, உள்ளே இருந்த துருவையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சகாயத்தின் சாவிக்குக் கீழ்ப்பூட்டு அசையாமல் நின்றது. அவர் ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மாதாவைக் கூப்பிட்டும் பார்த்தார். கடைசியில் பூட்டு ரிப்பேர்காரர் வந்து கம்பியால் நெம்பிக் கழற்றினார். "ரிப்பேர் பண்ணிக் கொடுத்தா..." என்று சகாயம் ஆரம்பிப்பதற்குள், "இது இனி ஆகாது, எடுத்துட்டுப் போப்பா" என்றார் செயலாளர். ரிப்பேர்காரர் அதைத் துடைத்து மெருகேற்றி, புதுச் சாவி செய்து பைனான்ஸ் கம்பெனிக்கு விற்றார்.

திறப்பு விழாவில் கீழ்ப்பூட்டுக்கு மாலையே போட்டார்கள். வாரம் தவறாமல் எண்ணெய். ஒரே சாவி, ஒரே கை. 'வேலைன்னா இது வேலை' என்று அது நினைத்துக்கொண்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருவே உண்ட மயக்கத்தில் கிடந்த மதியம், முதலாளி காலிச் சாக்குகளோடு வந்தார். கீழ்ப்பூட்டுக்கு விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. ஆனால் வந்தது அதன் சொந்தச் சாவி; வாராவாரம் எண்ணெய் குடித்த உடம்பில் இறுக்கிப் பிடிக்கத் துருவும் இல்லை. 'இன்னொரு சாவியும் வரட்டும்' என்று சொல்லப் பக்கத்தில் வேறு பூட்டும் இல்லை. திறந்தது. உள்ளே இருந்ததையெல்லாம் வழித்துக் கட்டிக்கொண்டு, கதவை ஒழுங்காகப் பூட்டி, சாவியைச் சாக்கடையில் எறிந்துவிட்டு அவர் போனார்.

திங்கட்கிழமை ஆலைத் தொழிலாளர்கள் கூட்டமாக வந்து கதவை இடித்தார்கள். கருங்கல் ஒன்று பூட்டின்மேல் விழுந்தது.

"உள்ளே என்னடா வெச்சிருக்க?" என்றது கல்.

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் எதுக்கு இந்தப் பிடி பிடிக்கற?"

"எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதான்."

மூன்றாவது அடியில் அது பிளந்தது.

பழைய இரும்புக் கடையில் போய் விழுந்தபோது, தராசுக்குக் கீழே தெரிந்த முகம் ஒன்று கிடந்தது.

"அண்ணே! நீங்க எப்படி இங்க?"

"நீ போன கொண்டி காலியாவே கிடந்துச்சு. புதுப் பூட்டு வாங்கறதை அடுத்த கூட்டத்துல பேசலாம்னார் செயலாளர். அப்புறம் ஒரு நாள் தனியா வந்தார். சங்கத்துப் பணம் முழுக்க எடுத்தார். வட்டிக்கு ஆசைப்பட்டு உங்க கம்பெனியிலதான் போட்டார். இப்பச் சங்கமும் இல்ல, பெட்டியும் இல்ல."

"சகாயம் பக்கத்து ரூம்லதானே இருந்திருப்பார்? எப்பவும் போல ஒரு கிறீச்சு விட்டிருந்தா ஓடி வந்திருப்பாரே அண்ணே!"



"வந்தவர் முதல்ல எண்ணெய் போட்டார்டா" என்றது மேல்பூட்டு. "ரெண்டு சொட்டு."