சறுக்கினால் சிறை

செங்குளத்து ராஜா கொற்றவராயருக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் கொஞ்சம் அதிகம். அதனால்தானோ என்னவோ, சபை மண்டபத்துத் தரையையே கண்ணாடி மாதிரி போடச் சொன்னார். மராமத்து அதிகாரி சபாநாயகமும் கருங்கல்லைத் தேய் தேய் என்று தேய்த்து, ராஜா குனிந்தால் கிரீடம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிவிட்டார்.

சபை கூடிய முதல் நாளே, பூத்தட்டோடு வந்த பணிப்பெண் செவந்தி வழுக்கி விழுந்தாள். விருந்துக்கு வந்திருந்த பக்கத்து நாட்டு ராஜா சிரித்துவிட்டார். கொற்றவராயருக்கு மானம் போயிற்று.

"தரைமேல் குற்றமில்லை மகாராஜா. நானே நடந்து சோதித்த தரை! இவள் கால்தான் சரியில்லை" என்றார் சபாநாயகம்.

"அப்படியா? இனி என் சபையில் யார் வழுக்கி விழுந்தாலும் ராஜ நிந்தனை. சிறைதான்!"

கை முறிந்த செவந்தியை அப்படியே சிறைக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் அவளுடைய பால்குடிக் குழந்தை வீறிட்டு அழுதது. கேட்டாலே வயிறு எரிகிறது. சபையில் ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! எல்லோருக்கும் அவரவர் கால் மேல் கவலை.

மறுநாள் சபை விகடகவி மருதப்பர் வாசலில் கால் கழுவினார். கால் கழுவாமல் அந்தச் சபைக்குள் யாரும் நுழையக்கூடாது என்பது பரம்பரை வழக்கம். கழுவியவர் தரையில் குப்புறப் படுத்து, தவழ்ந்தே உள்ளே வந்தார்.

"ஓய் மருதப்பரே, இதென்ன கூத்து?"

"விழுந்து கிடக்கிறவன் இனி எங்கே விழப்போகிறான் மகாராஜா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நல்லவேளை, பட்டத்து யானை சபைக்கு வருவதில்லை. அதற்கேற்ற சிறைக்கு எங்கே போவது?"

"தரையைத்தான் நம் சபாநாயகம் சோதித்திருக்கிறாரே!"

"எப்படிச் சோதித்தீர் ஐயா?" என்று தரையிலிருந்தே கேட்டார் மருதப்பர்.

"நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, மிதியடி போட்டுக்கொண்டு நடந்தேன்."

"பேஷ்! இங்கே வருகிறவர்கள் எல்லோரும் ஈரக் காலோடு வருகிறோம். நீங்களும் வழக்கப்படி கால் கழுவிவிட்டு ஒரு நடை நடந்து காட்டுங்களேன்."

சபாநாயகம் தரையைப் பார்த்தார். சிறைக் காவலனைப் பார்த்தார். "காலையிலிருந்து எனக்கு முழங்கால் வலி மகாராஜா" என்றார்.

"பார்த்தீர்களா? போட்டவருக்கே தரையைக் கண்டால் முழங்கால் வலிக்கிறது! மசாலா அரைக்கிற அம்மியையே கொத்திச் சொரசொரப்பாக்குகிறோம். மனிதர் நடக்கிற தரைக்கு அது வேண்டாமா?"

ராஜா முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆணை ரத்து! செவந்தியை விடுங்கள், வைத்தியரை அனுப்புங்கள். நாளைக்கே தரையைக் கொத்தட்டும். சபாநாயகமே, கொத்திய பிறகு கால் கழுவிவிட்டு முதலில் நடக்கப்போவது நீர்தான்!"

பிறகு தங்கக் காப்பைக் கழற்றி நீட்டினார். "மருதப்பரே, எழுந்து வந்து வாங்கிக்கொள்ளும்."

மருதப்பர் அசையவில்லை. "ஆணைதான் ரத்தாயிற்று மகாராஜா, தரை அப்படியேதானே இருக்கிறது? காப்பைக் கீழே வைத்து ஒரு தள்ளு தள்ளுங்கள். அதுவே வழுக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடும்!"