சென்னியப்பன் கேட்ட உபதேசம்

"மழை பெஞ்சா எனக்கு வெக்கமா இருக்குதுங்க, சாமி," என்றார் சென்னியப்பன்.

மரகதம் சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆற்றங்கரை மடத்தைக் கட்டிக் காப்பவர். சென்னியப்பனைவிட வயதில் ரொம்பவே இளையவர். பேச்சில் மட்டும் கறார்.

"மழைக்கு வெக்கப்படறவரை இன்னைக்குத்தான் பாக்கறேன். எதுக்குங்ணா?"

"அதை மட்டும் கேக்காதீங்க. வெக்கம் போறதுக்கு ஒரு உபதேசம் குடுங்க. நாளைக்கு டெல்லியில விருது தர்றாங்க. ஆத்தைக் காப்பாத்துனதுக்காம்."

நல்ல கூத்து! நோவு என்னவென்று சொல்லமாட்டாராம், மருந்து மட்டும் வேண்டுமாம்.

அவர் சொல்லாவிட்டால் போகட்டும், நாம் சொல்லிவிடுவோம். சென்னியப்பன் சாயப்பட்டறைக்காரர். ஊரே சாயத்தண்ணியை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்த காலத்தில், இருந்த தென்னந்தோப்பை விற்றுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டினார். ஒரு சொட்டு வெளியே விடமாட்டேன் என்றார். விடவும் இல்லை.

"சென்னியப்பனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு," என்று மற்ற முதலாளிகள் டீக்கடையில் சிரித்தார்கள். பிறகு அவர்களே வந்து வழி கேட்டார்கள். ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தார். கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டார்கள். பேர் வந்தது. பேரோடு ஆர்டரும் வந்தது.

ஆர்டர் பெருத்த அளவுக்கு நிலையம் பெருக்கவில்லை. சாயத்தண்ணித் தொட்டி நிரம்பி நின்ற ஒரு நாள் செம மழை. ஆறு கரை முட்டி ஓடியது.

"மழையோட மழையாப் போயிருமுங்க, ஒருத்தருக்கும் தெரியாது," என்றார் மேனேஜர்.

இந்த ஒரு தடவைதான் என்று தலையாட்டினார் சென்னியப்பன்.

அப்புறம் மேனேஜர் கேட்பதையே விட்டுவிட்டார். மேகம் கறுத்தால் வால்வைத் திறந்துவிடுவார். முதலாளி ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நேற்றும் மழை. நேற்றும் ஜன்னலைச் சாத்தினார்.

சாமி கீரைத்தட்டை நகர்த்திவைத்தார்.

"சரி, தர்றேன். மடத்து வழக்கம் தெரியுமில்லீங்ளா? ஆத்துல முங்கி எந்திரிச்சு ஈரத்துணியோட வந்தாத்தான் உபதேசம்."

சென்னியப்பனின் முகம் செத்துப்போனது.

"போர்த்தண்ணியில குளிச்சுப்போட்டு வரட்டுங்களா?"

"ஏனுங்ணா?"

"சளி."

"சளிக்கு ஆத்துத்தண்ணி என்ன, போர்த்தண்ணி என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

"ஆறு கலங்கலா இருக்குமுங்க."

"மழை பெஞ்சா கலங்காம என்ன செய்யும்? வாங்க, நானும் இன்னும் முங்கல."

சாமி எழுந்து நடந்தார். வேறு வழியில்லாமல் இவரும் பின்னால் போனார்.

படித்துறையில் நல்ல கூட்டம். துணி துவைக்கிறவர்கள், குளிக்கிறவர்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக இந்த ஆற்றைப் பாலத்துமேல் காரில் போகும்போதுதான் பார்த்திருக்கிறார் சென்னியப்பன். அங்கிருந்து பார்த்தால் ஆள் தெரியாது.

மேல்படியிலேயே நின்றுகொண்டார்.

சாமி இறங்கினார். முழங்கால் அளவு தண்ணீரில் நின்று கையைச் சொறிந்தார். முழங்கைவரை தோல் திட்டுத்திட்டாகத் தடித்திருந்தது. முங்குமுன் ஒரு கை அள்ளிக் குடிப்பது அவர் வழக்கம். குனிந்து அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோனார்.

"சாமி, குடிக்காதீங்க!"

செருப்புக்காலோடு ஓடி இறங்கி அந்தக் கையைத் தட்டிவிட்டார் சென்னியப்பன்.

துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். சாமியின் கையைத் தட்டிவிடுவதாவது!

"எதுக்குக் குடிக்கக்கூடாது?" என்றார் சாமி.

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளித்துக்கொண்டிருந்த ஒருவர் இவரை அடையாளம் கண்டு கும்பிட்டார்.

"அட, நம்ம சாயப்பட்டறை ஐயாங்க," என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். "இந்த ஆறு இன்னைக்கு உசுரோட இருக்குதுன்னா இவராலதான்."

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்காது. அப்படியே தண்ணீருக்குள் போய்விடலாம் போல இருந்தது சென்னியப்பனுக்கு.

குனிந்து சாமியின் காதோரம் சொன்னார். தொட்டி நிரம்பியது, மழை வந்தது, மேனேஜர் கேட்டது, தான் தலையாட்டியது, நேற்று ஜன்னலைச் சாத்தியது. ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

"விருது வாங்கப் போகலீங்க, சாமி," என்றார் கடைசியில். "பட்டறையையும் நிறுத்திடறேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனியாவது உபதேசம் குடுங்க."

சாமி தன் முழங்கையைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். கோபம் இருந்தது அந்த முகத்தில்.

"எனக்குக் கேட்டுருச்சு," என்றார். "அங்க பாருங்க, அந்தப் பொண்ணு கொழந்தையை மறுக்கா தண்ணியில எறக்குது. சத்தமாச் சொல்லுங்ணா."