கொம்பையா உருட்டுன பைபாஸ்

நம்புறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க இறங்கி நடந்து போங்கன்னுதான் கொம்பையா எப்பவும் பேச்ச ஆரம்பிப்பாரு. ஓடுற வேன்ல இருந்து எங்க இறங்க? இசக்கியம்மா பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கூடப்பிறந்த தம்பி, மகன் பலவேசத்துக்குத் தாய்மாமன். அவரு இல்லாம நிச்சயதாம்பூலம் மாத்த முடியாது. அதனால முன்சீட்டக் குடுத்துக் கூட்டிட்டுப் போகவேண்டியதாப் போச்சு.

எத்தனையோ சம்பந்தம் தட்டிப்போய், கடைசியா பலவேசத்துக்கு அமைஞ்ச பொண்ணு. நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள தட்டு மாத்தலேன்னா இந்தப் பேச்சையே மறந்துருங்கன்னு பொண்ணோட அப்பா ஆறுமுகநயினார் கறாராச் சொல்லியிருந்தாரு.

"சர்வீஸ் ரோட்டுல இறங்கவா?"ன்னு டிரைவர் ஜெபராஜ் கேட்டான்.

"மேலயே போடே. இந்த பைபாஸ் போடும்போது ரோலர் ஓட்டுனவன் நான். எனக்கே வழி சொல்லுதியா?"ன்னு கொம்பையா அதட்டுனாரு.

வேன் மேம்பாலத்துல ஏறுச்சு. கீழ ஆறும் இல்ல, தண்டவாளமும் இல்ல, வெறும் பொட்டக்காடு. "இங்க எதுக்கு மாமா பாலம்?"னு பலவேசம் வாயக் குடுத்துட்டான்.

"பாலம்னு யாரு மருமகனே கட்டுனா? தரையிலதான் போட்டோம். அந்த வருசத்து வெயில்ல ரோடு பூரி மாதிரி உப்பிருச்சு. ரோலர மேல ஏத்தி அமுக்கிப் பாத்தேன், ரோலர்தான் வழுக்கிட்டு வந்துச்சு. சரி, கிடக்கட்டும்னு அடியில தூண நட்டு, பாலம்னு போர்டு வச்சுட்டாங்க."

"அப்ப இந்த வளைவு?" ஜெபராஜ் ஸ்டியரிங்கத் திருப்பிக்கிட்டே கேட்டான்.

"அது எனக்கு வந்த தும்மல்."

பின்னால பொம்பளைக சிரிச்சாங்க.

"சிரிக்காதீங்க தாயி! நூல் பிடிச்ச மாதிரி நேரா உருட்டிக்கிட்டு வாரேன். மிளகா வத்தல் லாரி ஒண்ணு பக்கத்துல போச்சு. ஒரே தும்மல்! ரோலர், ரோடு, முன்னால நின்ன இன்ஜினியரு, எல்லாம் சேந்து மேற்கால திரும்பிருச்சு. ரெண்டாவது தும்மல அடக்கிட்டேன். இல்லேன்னா இந்த ரோடு நம்ம வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கும்."

"போயிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்"னா இசக்கியம்மா.

வளைவு தாண்டுனதும் நிச்சயம் நடக்கிற மண்டபம் தெரிஞ்சுது. எதிர்ப்பக்கம்! வாசல்ல பொண்ணு வீட்டுக்காரங்க எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு நிக்காங்க. இடையில நீளத்துக்கும் தடுப்பு.

"சர்வீஸ் ரோட்டுல இறங்கியிருந்தா சுரங்கப்பாதை வழியா அந்தப் பக்கம் போயிருக்கலாம்மா" ஜெபராஜ் முணுமுணுத்தான். "இனி டோல்கேட் தாண்டித்தான் திரும்ப முடியும். வந்து சேருறதுக்குள்ள ராகுகாலம் பாதி போயிரும்."

இசக்கியம்மா தம்பி பக்கம் திரும்புனா. "பாவி! எம் புள்ள வாழ்க்கையில மண்ண அள்ளிப் போட்டுட்டியே!"

கொம்பையா அசரல. "திருப்பம் இங்கதான்க்கா வச்சேன். நான் உருட்ட உருட்ட ரோடு சப்பாத்தி மாவா நீண்டுக்கிட்டே போச்சு, திருப்பமும் அதோட சேந்து நகந்துருச்சு. மறுமுனை கடலுக்குள்ள இறங்கி, வலைக்காரங்க சண்டைக்கு வந்துட்டாங்க. மிச்சத்த வெட்டி எடுத்துத்தான் சர்வீஸ் ரோடே போட்டோம்!"

"வண்டிய ஓரங்கட்டுடே!"ன்னு இசக்கியம்மா ஜெபராஜ்கிட்ட கத்துனா.

வெத்தல பாக்குத் தட்டத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு இறங்குனா. ஜெபராஜ் துண்ட வீசி லாரிகள மறிச்சான். அந்தப் பக்கம் ஆறுமுகநயினார் முழிச்சாரு, கடிகாரத்தப் பாத்தாரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு அவரும் தட்டோட ஓடி வந்தாரு. கொம்பையா கைவச்சுக் குடுக்க, நடுத்தடுப்பு அரளிச் செடிக்கு மேலயே தட்டு மாறுச்சு. பொம்பளைக குலவை போட்டாங்க, லாரிக்காரங்க ஆரன் அடிச்சாங்க. ராகுகாலம் இன்னும் பிறக்கல. இசக்கியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேந்து வந்துச்சு.

கொம்பையா நெஞ்ச நிமித்துனாரு. "பாத்தீங்களா சம்பந்தி? என்னைக்காவது நம்ம பலவேசத்துக்குத் தேவைப்படும்னுதான், இந்த இடத்துல மட்டும் அரளியக் குட்டையா வளரச் சொன்னேன்."

ஆறுமுகநயினார் இசக்கியம்மா பக்கம் திரும்புனாரு.

"சம்பந்தியம்மா, கல்யாணத்துக்கு எல்லாரும் வேன்ல வாங்க. உங்க தம்பிய மட்டும் முந்துன நாளே பஸ் ஏத்தி விட்டுருங்க."