பஞ்சாமிர்தம் தின்ற கரடி

மலைக்கோயிலுக்குப் போகும் படிக்கட்டின் பாதி வழியில் ஓர் இளைப்பாறும் மண்டபம் இருந்தது. அதன் பின்னால் இருந்த காட்டில், ஒரு சுனையின் பக்கத்தில் பூவாத்தா என்ற கரடி தன் குட்டியோடு வாழ்ந்துவந்தது.

கரடி என்றால் கறையான் புற்றைத் தோண்ட வேண்டும்; இலந்தையும் நாவலும் தேட வேண்டும். பூவாத்தாவுக்கு அந்தப் பாடே இல்லை. பக்தர்கள் மிச்சம் வைத்த பஞ்சாமிர்தம், கிரீம் பிஸ்கட், கலர் பாட்டில் எல்லாம் மண்டபத்துக் குப்பைத் தொட்டியில் கிடந்தன. தொட்டிக்குக் கனத்த இரும்பு மூடி. அதைத் தூக்கும் பலம் பூவாத்தாவுக்கு மட்டும்தான் உண்டு. அது தின்று சிந்தியதைத் தின்றே ஒரு நரி கொழுத்துப்போயிருந்தது.

நாளடைவில் பூவாத்தாவுக்கு ஓயாத தாகம் எடுத்தது. காலில் குத்திய முள்ளைப் பிடுங்கியும் புண் ஆறவில்லை. அது சிறுநீர் கழித்த இடமெல்லாம் எறும்பு மொய்த்தது. எறும்பைத் தேடிப் போக வேண்டிய கரடியை எறும்பு தேடி வந்தது!

வைத்தியம் தெரிந்த கீரி அதைப் பார்த்தது.

“பூவாத்தா, உனக்குச் சர்க்கரை வியாதி. கோடையில இந்தச் சுனை வத்திடும். குட்டியை முதுகுல சுமந்துக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் ஆத்துக்குப் போகணும். இந்தக் காலோட எப்படிப் போவே?”

பூவாத்தா குட்டியைத் திரும்பிப் பார்த்தது. குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது.

கீரி ஒரு கசப்பு இலையைக் கொடுத்தது. “இதைத் தினமும் மெல்லு. விடாதே. தித்திப்பையும் குறைச்சுக்கோ.”

“குறைக்கிறதென்ன? இனிமே அந்தத் தொட்டிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன். மலைச்சாமி மேல சத்தியம்!”

சத்தியம் செய்வது சுலபம். புற்றைத் தோண்டும் பழக்கம்தான் விட்டுப்போயிருந்தது. வெறும் வயிற்றோடு கிடந்த கரடிக்குக் கை நடுங்கியது, தலை சுற்றியது.

நரி வந்தது. “ஐயோ அக்கா, துரும்பா இளைச்சுட்டீங்களே. இன்னிக்கு ஒரு நாள் மூடியைத் திறங்க.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பூவாத்தாவுக்கு அது உறைக்கவில்லை. மூடியைத் திறந்தது. பட்டினி கிடந்ததற்கும் சேர்த்துத் தின்றது. மறுநாள் புண்பட்ட காலை ஊன்ற முடியவில்லை. முதுகில் ஏற வந்த குட்டியை வலி தாங்காமல் உதறித் தள்ளியது. குட்டி அழுதது. பூவாத்தாவுக்கும் அழுகை வந்தது.

கீரி திட்டவில்லை. “சத்தியம் போட்டது போதும். முதல்ல கலர் பாட்டிலை மட்டும் விடு, சுனைத் தண்ணியைக் குடி. அது பழகினதும் பிஸ்கட்டை விடலாம். வயித்தைக் காயப் போடாதே, புத்தைத் தோண்டு.”

“பஞ்சாமிர்தம்?”

“அதைக் கடைசியில பாத்துக்கலாம்.”

அந்த ஒரு வார்த்தையே பூவாத்தாவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. முதலில் சுனைத் தண்ணீர் சப்பென்று இருந்தது, கறையான் புளித்தது. பிறகு நாக்கு வழிக்கு வந்தது. நடுவில் ஒருநாள் ஆசைப்பட்டு ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுக்கத் தின்றுவிட்டது. அதற்காகத் தலையில் கைவைத்து உட்காரவில்லை. மறுநாள் காலையில் பழையபடி இலையை மென்றது, புற்றுக்குப் போனது. பஞ்சாமிர்தம் டப்பாக் கணக்கிலிருந்து ஒரு பிடியாகக் குறைந்தது. மெல்ல மெல்லப் புண் காய்ந்தது.

சுனை வற்றியது. மலையைக் கடக்கக் கரடி கிளம்பிய நேரத்தில் நரி, மண்டபத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன பஞ்சாமிர்த டப்பா ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்தது. பூவாத்தா தொட்டி மூடியைத் திறப்பதே அரிதாகிவிட்டதால் நரியின் வயிறு ஒட்டிப்போயிருந்தது.

“அக்கா, பிரிக்காத டப்பா. சாப்பிட்டுட்டு இங்கேயே இருங்க. இல்ல, தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கீங்களா?”

சத்தியம் என்று ஒன்று இருந்தால் அதை உடைக்கவைத்துவிடலாம், உடைந்துவிட்டால் கரடி பழையபடி எல்லாவற்றையும் தின்னும் என்பது நரியின் கணக்கு.

“சத்தியமெல்லாம் ஒண்ணுமில்ல, தம்பி.” பூவாத்தா டப்பாவைத் திறந்து, நகநுனியால் தொட்டு நக்கியது. “நல்லாத்தான் இருக்கு. எனக்கு இது போதும்.”

டப்பாவை நரியிடமே தள்ளிவிட்டு முதுகைத் தாழ்த்தியது. குட்டி ஏறிக்கொண்டது. கரடி நிதானமாக மலையேறி, இறங்கி, பொழுது சாய்வதற்குள் ஆற்றில் குட்டிக்குத் தண்ணீர் காட்டியது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் விடுவேன் என்று சபதம் போடுபவரைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, தவறினாலும் மறுநாள் தொடர்பவரே நோயை அடக்கிக் கரை சேர்வார்.