நட்சத்திரம் கட்டாத வீடு

முள்ளிக்கண்மாய் கத்தோலிக்கப் பங்கில் கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர் இருந்தார். உபதேசியார் சந்தியாகு. பூசைக்கு மணி அடிப்பது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர் வேலை. மீதி நேரத்தில் சாமியாரைப் பிடித்துக்கொண்டு சந்தேகம் கேட்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் வந்துவிட்டால் சந்தேகம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டவர் வருகைக்கு எப்படி ஆயத்தமாவது?

அந்தப் பங்குக்கு வந்துபோன சாமியார்கள் எல்லாரிடமும் கேட்டாயிற்று. ஒருவர் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருக்கச் சொன்னார். இருந்தார். ஒருவர் நல்ல பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த சாமியாருக்குக் கால் மரத்துப்போகிற அளவுக்குச் செய்தார். இன்னொருவர் ஏழைகளுக்கு வேட்டி, சேலை வாங்கிக் கொடுக்கச் சொன்னார். அதுவும் நடந்தது. சந்தேகம் மட்டும் தீரவில்லை.

இப்போது வந்திருக்கும் அமலதாஸ் சாமியாருக்கு, சந்தியாகுவின் கடைசித் தம்பி வயதுதான் இருக்கும். ஆனாலும் குரு குருதான். சந்தியாகு தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் எதிரே நிற்பார். சாமியார் அதிகம் பேச மாட்டார். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்று கேட்பார். இல்லாவிட்டால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்.

திருவருகையின் இரண்டாவது ஊதா மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிறு. பூசை முடிந்து சாமியார் குழந்தை இயேசு சுரூபத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். போன வருடம் வீடு வீடாக ஊரே முத்தமிட்ட பாதம் கறுத்துப்போயிருந்தது.

“சாமி, ஒரு சந்தேகம்.”

“கேளுங்கய்யா.”

“ஆண்டவர் வருகைக்கு எப்படி ஆயத்தமாகுறது?”

சாமியார் பாதத்தைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

“கேரல்ஸ் என்னைக்குப் போறீங்க?”

“வர்ற சனிக்கிழமை சாமி.”

“எல்லா வீட்டுக்கும் போவீங்களா?”

“ஸ்டாரு கட்டுன வீட்டுக்கெல்லாம் போவோம் சாமி. ஸ்டாரப் பாத்துத்தான் போறது. எங்கப்பா உபதேசியாரா இருந்த காலத்துலருந்து அப்படித்தான்.”

“கட்டாத வீடு?”

“அது துக்க வீடு சாமி. வருசம் திரும்புற வரைக்கும் ஸ்டாரு கட்ட மாட்டாக, பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாக. அங்க போயிப் பாடுனா மரியாதையா இருக்காது.”

“வர வேணாம்னு அவங்க சொல்லுவாங்களா?”

“சொல்லணுமா சாமி? வழக்கம்தான.”

சாமியார் துடைத்து முடித்த பாலன் சுரூபத்தை அவர் கையில் கொடுத்து, “பத்திரம்” என்றார். கேட்டதற்கு இந்தச் சாமியாரும் பதில் சொல்லவில்லையே என்று சந்தியாகுவுக்கு உள்ளுக்குள் வருத்தம்.

அந்த வருடம் ஊரில் நட்சத்திரம் இல்லாத வீடு ஒன்றுதான். சவரியான் வீடு.

சவரியான் யாரோ எவரோ இல்லை. கேரல்ஸில் சந்தியாகு முதல் வரியை எடுத்தால் இரண்டாம் வரியை எடுக்கிறவர் அவர்தான். மீசை முளைத்த நாளிலிருந்து இருவரும் அப்படித்தான் பாடினார்கள். சந்தியாகு எங்கே மூச்சு வாங்குவார் என்று சந்தியாகுவைவிடச் சவரியானுக்கு நன்றாகத் தெரியும். ஊர் சுற்றி வந்ததும் சவரியான் வீட்டில் எல்லாருக்கும் சுக்குக் காப்பி. தொண்டைக்கு நல்லது என்று அவரே ஊற்றிக் கொடுப்பார்.

ஆடி மாதம் மஞ்சள் காமாலை கண்டது. நாட்டு மருந்து, ஆஸ்பத்திரி என்று அலைந்தார்கள். மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கத்துக்குச் செபம் சொன்னது சந்தியாகுதான். முப்பதாம் நாள் பூசைக்கும் போனார். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் அவருடைய கால் போகவில்லை. சவரியானின் மனைவி வியாகுலம் எதிரே வந்தால் என்ன பேசுவது? ஊர்ச் சாவுக்கெல்லாம் ஆறுதல் சொன்ன வாய்க்குச் சொந்தச் சிநேகிதன் வீட்டில் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கோயிலில் அவள் பெண்கள் பக்கம் முழங்காலில் இருப்பதைப் பார்த்தால் சந்தியாகு பூசை உடுப்பு வைக்கும் சக்ரீஸ்து அறை வழியாகப் போய்விடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. ஏரோது ராசாவாக நடிக்கும் பையன் அம்மாவின் பட்டுச் சேலையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மூன்று ஞானிகளும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நின்றார்கள். நடிப்பதற்கு முன்னால் கதை தெரிய வேண்டும் என்பது சந்தியாகுவின் கட்டளை.

“ஞானிகள் எதப் பாத்து வந்தாக?”

“நட்சத்திரத்தப் பாத்து.”

“வந்து மொதல்ல எங்க போனாக?”

“ஏரோது ராசா அரண்மனைக்கு.”

“ஏன் அங்க போனாக?”

“ராசா வீட்டுலதான் ராசா பொறப்பாருன்னு நெனச்சாக. ஆனா பாலன் அங்க இல்ல.”

பிள்ளைகள் ஒரே குரலில் பிசகாமல் சொன்னார்கள். சந்தியாகுவுக்குப் பரம திருப்தி. ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார்.

பொழுது சாய்ந்ததும் கேரல்ஸ் கிளம்பியது. முதல் வீடு எப்போதும் அரிசி ஆலைக்காரர் ஜெயபாலன் வீடுதான். அந்த வீட்டு நட்சத்திரம் கண்மாய்க் கரையிலிருந்தே தெரியும். உள்ளே பல்பு ஓடி ஓடி எரியும். ஜெயபாலன் நல்ல மனிதர், குறை சொல்ல முடியாது. பாலனை வெல்வெட் மெத்தையில் வைத்து வீட்டோடு முழங்கால் போட்டார். கேக்கு, காப்பி, போட்டோ என்று அங்கேயே வெகுநேரம் ஆகிவிட்டது.

பிறகு தெருத் தெருவாகப் போனார்கள். எங்கே நட்சத்திரம் தொங்கியதோ அங்கே நின்று பாடினார்கள். சந்தியாகு முதல் வரியை எடுத்தார். இரண்டாம் வரியை இளவட்டங்கள் கூச்சலாகப் போட்டார்கள். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் யாரும் நிற்கவில்லை.

சவரியான் தெருவுக்குத் திரும்பியபோது மழை தூற ஆரம்பித்தது. முனையிலிருந்தே பார்த்தார். வாசலில் நட்சத்திரம் இல்லை. ஆனால் கதவு திறந்திருந்தது, விளக்கு எரிந்தது. நிலைப்படியில் யாரோ உட்கார்ந்திருந்தது தெரிந்தது.

சந்தியாகு கையை உயர்த்தினார். பாட்டு நின்றது, டிரம் நின்றது. துண்டின் முனையை இழுத்துக் கையில் ஏந்தியிருந்த பாலன்மேல் போட்டுக்கொண்டார். எல்லாரும் சத்தம் காட்டாமல், செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் அந்த வீட்டைக் கடந்தார்கள். கடக்கும்போது நிலைப்படியில் இருந்தவள் எழுந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்தார். உள்ளே போகத்தான் எழுந்தாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு வீடு தள்ளிப் பாட்டு மறுபடி ஆரம்பித்தது.

மறுநாள் திருவருகையின் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. ஊதா மெழுகுவர்த்திகளுக்கு நடுவே ரோஸ் மெழுகுவர்த்தியைச் சந்தியாகுதான் ஏற்றினார். பூசை முடிந்து படியிறங்கும்போது சவரியானின் பக்கத்து வீட்டு ஞானப்பூ வழிமறித்தாள்.

“என்ன உபதேசியாரே, நேத்து எங்க தெருவுக்கு வந்ததும் பாட்டு மறந்துபோச்சா?”

“துக்க வீட்டு முன்னால எப்படிம்மா பாடுறது?”

“அவ காத்துக்கிட்டுல்ல இருந்தா. குண்டான் நெறையச் சுக்குக் காப்பி போட்டு வச்சிருந்தா. ‘ஸ்டாருதான கட்டக் கூடாது, காப்பி போடலாம்லக்கா?’ன்னு எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டா. வாசல்ல ஸ்டூலப் போட்டு, வெள்ளைத் துணி விரிச்சு வச்சிருந்தா, பாலன வைக்க.”

சந்தியாகு துண்டைக் கையில் எடுத்தார்.

“தூரத்துல உங்க கொரலு கேட்டதும் தலையக் கோதி முடிஞ்சுக்கிட்டா. ‘அந்தா வந்துட்டாகக்கா’ன்னா. அப்புறம் சத்தத்தக் காணோம். அங்கிட்டுப் போயித்தான கேட்டுச்சு.”

“இப்ப... வீட்டுலதான இருக்கு?”

“எங்க? காலைல காப்பிய முருங்கை மூட்டுல ஊத்திட்டு மொத பஸ்ஸுக்குப் போயிட்டா, ஓசூருக்கு, மக வீட்டுக்கு. அந்தப் புள்ள எத்தன தடவ கூப்புட்டுச்சு. கேரல்ஸ் வரட்டும், அவுகள ஒரு தடவ பாடக் கேட்டுட்டு வாரேன்னு தட்டிக்கிட்டே வந்தா. இனி எதுக்கு இருக்கணும்? வீட்டையும் வித்துருவாக போல. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாக.”

ஞானப்பூ போய்விட்டாள். சந்தியாகு திரும்பிப் படியேறினார். சக்ரீஸ்துவில் சாமியார் பூசை உடுப்பை மடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சந்தியாகு ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

சாமியாரே பேசினார். “விடியக்காலம் இங்க வந்துட்டுத்தான் போனாங்க.”

“வியாகுலமா? என்ன சொல்லுச்சு சாமி?”

“சொல்லல. ஒண்ணு கேட்டாங்க.”

“என்ன கேட்டுச்சு?”

“‘செத்த வீட்டுக்குப் பாலன் வர மாட்டாராங்க சாமி?’ன்னு கேட்டாங்க.”

சந்தியாகுவின் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

“நீங்க என்ன சொன்னீக?”

“சொல்றதுக்குள்ள பஸ்ஸு வந்துருச்சு.” சாமியார் உடுப்பைப் பெட்டியில் வைத்து மூடினார். “அன்னைக்கு உங்ககிட்டக் கேட்டேன், கட்டாத வீடுன்னு. அதோட விட்டுட்டேன். விட்டுருக்கக் கூடாது.”

பிறகு பாலன் சுரூபத்தை எடுத்துச் சந்தியாகுவின் கையில் வைத்தார்.

“வாங்க.”

இருவரும் நடந்தார்கள். தூறல் விட்டபாடில்லை. தெருவில் எல்லா வீட்டிலும் காகித நட்சத்திரங்கள் ஈரத்தில் ஊறித் தொங்கின. சவரியான் வீட்டில் பூட்டு தொங்கியது. வாசலில் ஸ்டூல் அப்படியே கிடந்தது. விரித்திருந்த வெள்ளைத் துணியை எடுத்து வைக்க மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுப் போனாளா, யாருக்குத் தெரியும்? கஞ்சி போட்டுத் தேய்த்த துணி மழையில் நனைந்து துவண்டு கிடந்தது.

“வைங்க” என்றார் சாமியார்.

சந்தியாகு பாலனை அந்தத் துணிமேல் வைத்தார்.

“பாடுங்க.”

“கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா சாமி? கேக்குறதுக்கு ஆளு இல்லையே.”

சாமியார் பாலன் முன்னால் கைகூப்பி நின்றார்.

சந்தியாகு தொண்டையைச் செருமி முதல் வரியை எடுத்தார். வரி முடிந்தது. பழக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். இரண்டாம் வரி வரவில்லை. பூட்டிய கதவைப் பார்த்தபடியே நின்றார். ஆடியில் அடக்கத்தின்போது வராத அழுகை இப்போது வந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அழுகைக்கு நடுவே சொன்னார்.

“வழக்கம்னு சொன்னது பொய் சாமி. பயந்தேன். வியாகுலம் முகத்தப் பாத்தா சவரியான் ஞாபகம் வரும்னு பயந்தேன். வழக்கம் வசதியாப்போச்சு.”

சாமியார் அவருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“எந்திரிச்சு நின்னுச்சு சாமி. பாத்தேன். எங்களப் பாத்துத்தான் எந்திரிச்சு நின்னுச்சு. நான் பாலன மூடிக்கிட்டுப் போனேன்.”

“ம்.”

மனிதன் மனசு இருக்கிறதே, அழுது முடித்த கையோடு ஒரு சமாதானம் தேடாமல் அதற்கு இருக்க முடியாது. சந்தியாகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இருந்தாலும் சாமி, ஒரு ஸ்டாரு... ஒரே ஒரு காயிதத் துண்டு தொங்கியிருந்தாப் போதும், காலு தன்னால உள்ள போயிருக்கும். வேதத்துலயே அப்படித்தான இருக்கு? அம்புட்டுப் படிச்ச ஞானிகளுக்கே நட்சத்திரம் வேண்டியிருந்துச்சே.”

“ஆமாய்யா. நட்சத்திரத்தப் பாத்துத்தான் வந்தாங்க.”

சாமியார் எழுந்து, பாலன் முகத்தில் வழிந்த மழைத்தண்ணீரை உள்ளங்கையால் துடைத்தார்.

“பாத்து வந்து, மொதல்ல யார் வீட்டு வாசல்ல போயி நின்னாங்க?”

பிள்ளைகள் நேற்று மத்தியானம் ஒரே குரலில் சொன்ன பதில்தான். சொல்லிக்கொடுத்தவரும் சந்தியாகுதான்.