போட்டுக்குடுத்த மீட்டரு

ஒரு ஊர்ல ஒரு பேச்சித்தாய் இருந்தா. ம் சொல்லு கண்ணு. நீ ம் சொல்லாட்டி கத கரண்டு மாதிரி பொசுக்குனு நின்னுரும், ஆமா.

அவளுக்கு அவ அப்பா எழுதிவச்ச வீடு. அந்த வீட்டு வாசல்ல புதுசா ஒரு மீட்டர மாட்டிட்டுப் போனாங்க. பொல்லாத மீட்டரு! மினுக் மினுக்குனு கண்ணடிக்கும். உள்ள கரண்டு கொஞ்சம் கூடுதலா ஓடுனா போதும், பேச்சி புருஷன் வெள்ளத்துரை போன்ல இருக்குற மீட்டர் ஆப்புக்குப் போட்டுக்குடுத்துரும். அவரு செருப்புக் கடையில உக்காந்து அதையேதான் பாத்துட்டிருப்பாரு.

அப்போ ஒரு நா, மகளக் கட்டிக்குடுத்த சம்மந்தி வீட்டுக்காரங்க மறுநா காலைல மொதமொதலா சாப்பிட வர்றாங்க. சாயங்காலத்துக்குள்ள மாவு ஆட்டுனாத்தான் விடியறதுக்குள்ள பொங்கும். இட்லி கல்லு மாதிரி வந்துச்சுன்னா மானம் போயிரும்ல? பேச்சி கிரைண்டரப் போட்டா. கடகட கடகட...

டிங்!

கடையிலருந்து அவரு போன்ல கூப்புட்டாரு. "ஏட்டி பேச்சி, என்ன ஓடுது?"

"கிரைண்டருங்க."

"கரண்டு எகிறுது! ஆஃப் பண்ணு!"

அவரு பேச்ச அவ தட்டுனதே இல்ல. டப். நின்னுபோச்சு.

அப்புறம் யோசிச்சா. கண்ணு தெரிஞ்சாத்தான பாக்கும்? கம்பளிய எடுத்து மீட்டரு மேல போத்திவிட்டா. கடகட கட... டிங்! "திரும்பவுமா? ஆஃப் பண்ணு!" டப்.

அப்புறம் மீட்டருக்குச் சந்தனம், குங்குமம் வச்சு, "ஐயா சாமி, ஒரே ஒரு வாட்டி காணாத மாதிரி இரு"ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டா. கடகட க... டிங்! இந்தத் தடவ அவரு போட்ட கூச்சல்ல, கடைக்கு வந்த ஆளு ஒத்தச் செருப்போட ஓடியே போயிட்டாரு! டப்.

உளுந்து பாதில நறநறன்னு கெடக்கு. பேச்சிக்குக் கண்ணுல தண்ணி முட்டுது. ம் சொல்லு... என்ன, சத்தம் கம்மியா வருது?

அப்போ பாரு, வெள்ளத்துரை போன நோண்டு நோண்டுனு நோண்டுனதுல, அந்த ஆப்பு அவர வெளிய தள்ளிக் கதவச் சாத்திருச்சு! திரும்ப உள்ள போகணும்னா ஓடிபி வேணும். மீட்டரு யாரு பேருல? வீட்டுக்காரி பேருல. ஓடிபி யாரு போனுக்கு வரும்? அவ போனுக்கு!

"ஏட்டி, உன் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும், வெரசாச் சொல்லு!"

பேச்சி பாத்தா. வந்திருக்கு. வாயத் தொறந்தா. அப்புறம் மூடிக்கிட்டா. போயி கிரைண்டரத் தட்டிவிட்டா. கடகட கடகட...

"என்னட்டி சத்தம்?"

"போன்லதான் எல்லாம் தெரியுமே, பாத்துக்கோங்க."

"ஒண்ணும் தெரியலயே! நம்பரச் சொல்லு தாயி!"

"மாவு ஆட்டிட்டு வாரேங்க."

அதுக்குள்ள அந்த நம்பர் செத்துப்போச்சு. இன்னொண்ணு அனுப்பச் சொன்னாரு. "உப்புப் போட்டுட்டு வாரேங்க!"

காலைல மாவு பொங்கி மூடிய முட்டித் தள்ளுது. இட்லி பஞ்சு பஞ்சா! சம்மந்தி ரெண்டாந்தட்டு கேக்குறதுக்குள்ள வெள்ளத்துரை பாதிய முழுங்கிட்டாரு.

இப்ப அந்த ஆப்பு பேச்சி போன்லதான் இருக்கு. என்ன ஓடணும், எப்ப ஓடணும்னு அவதான் சொல்லுவா. தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாப்பா. ஃபேன் ஓடுது, சரி. பிரிட்ஜ் ஓடுது, சரி. இதென்ன இங்க ரெண்டு மினுக் மினுக்குனு...

டிங்!

"ஏட்டி, கண்ணு ரெண்டும் இன்னும் ஓடுதா? ஆஃப் பண்ணு!"

டப். கதையும் ஆஃப். தூங்கு.