ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பு

“அம்மிணி, இந்த ஃபியூஸைக் கண்டுபுடிச்சவன் மட்டும் என் கையில சிக்கோணும்!”

மருதாசலம் வந்ததும் வராததுமாய் இரைந்தார். வால்பாறை மலைக்கு வேன் ஓட்டுபவர். ஐம்பது வயதுக்குமேல், சவாரி இல்லாத நாட்களில், ஆனைமலையில் தெய்வானையின் பட்டறைக்கு வந்து வண்டி வயரிங் கற்றுக்கொள்கிறார். குரு அவரைவிட ரொம்பவே இளையவள். அதில் அவருக்குத் துளிக் கூச்சம் கிடையாது. அந்த மனிதரை எனக்குப் பிடித்ததே அதனால்தான்.

“என்னாச்சுங்ண்ணா?”

“எஞ்சின் சூடு காட்டற மீட்டரை நானே வாங்கி மாட்டுனேன். அதுல இருந்து ஃபியூஸ் நிக்கவே மாட்டேங்குது. போட்டாப் போகுது, போட்டாப் போகுது. ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸுங்க, கூடவே வைப்பரும் நின்னுபோகுது.”

மலையில் நல்ல மழை. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் அவர் மகள் பச்சைக் குழந்தையோடு காத்திருந்தாள். இருட்டுவதற்குள் இருவரையும் மேலே எஸ்டேட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

“மக காத்துட்டு இருக்குதுங்க. பெருசா ஒரு ஃபியூஸ் குடுங்க.”

“அதுவும் போச்சுன்னா?”

“கம்பியைச் சுத்திட்டுப் போறேன். கம்பி போகாதில்லீங்க?”

“கம்பி போகாது. வண்டி எரிஞ்சு போயிரும்.”

மருதாசலம் தயாராய் எடுத்திருந்த கம்பியைக் கீழே போட்டார்.

தெய்வானை எழுந்து வேனுக்குப் போனாள். கருகிய ஃபியூஸைப் பிடுங்கினாள். அந்த இடத்தில், இரண்டு வயர் கோத்த பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றைச் செருகினாள். சாவியைத் திருப்பினாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

“எரியுது!” மருதாசலத்துக்கு வாயெல்லாம் பல்.

“வைப்பர் ஓடலை. மீட்டர் முள்ளு அசையலை. பின்ன இத்தனை கரண்டும் எங்கீங்ண்ணா போகுது?”

அவர் பல்பையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது அணையோணும். அணைஞ்சாக் கூப்புடுங்க.”

தெய்வானை தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். வேறு யாராக இருந்தாலும் கையை விட்டு நொடியில் பழுதைக் காட்டி, பெருமையும் பட்டிருப்பார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! எனக்கு அது வராது.

மருதாசலம் டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். ஒவ்வொரு வயராகத் தடவினார். பல்பு எரிந்தது. மீட்டர் விற்றவனைத் திட்டினார். எரிந்தது. தன்னையே திட்டிக்கொண்டார். அப்போதும் எரிந்தது.

சலித்துப்போய், மீட்டரில் கையை ஊன்றி எழுந்தார்.

பல்பு அணைந்தது.

“அம்மிணி! அணைஞ்சிருச்சு!”

அவள் வருவதற்குள் புது ஃபியூஸைப் போட்டுவிட்டார். வைப்பர் ஓடியது. மீட்டர் முள் அசைந்தது. அவர் கும்பிடு போட்டுவிட்டு, வண்டியைக் கிளப்பச் சாவிக்குக் கை நீட்டினார்.

தெய்வானை ஃபியூஸைப் பிடுங்கி, பல்பை மறுபடி செருகினாள்.

“எரிய வைங்க.”

“என்னதுங்க? இப்பத்தானே அணைச்சேன்!”

“எப்படி அணைஞ்சுதுங்ண்ணா?”

“அதென்னமோ... அணைஞ்சிருச்சு.”

“எரிய வெச்சுக் காட்டிட்டுப் போங்க.”

மருதாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மகள் காத்திருக்கிறாள், இந்த அம்மிணி விளையாடுகிறாளே என்று வெடுக்கென மீட்டரைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

பல்பு எரிந்தது.

அழுத்தினார். அணைந்தது. இழுத்தார். எரிந்தது.

குனிந்து பார்த்தார். ஆடாமல் நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முறுக்கிய ஸ்குரூ, மீட்டருக்கு அவர் புதிதாகக் கொண்டுவந்த வயரையே வண்டியின் தகரத்தோடு சேர்த்து நசுக்கியிருந்தது. ஒரு குலுக்கலில் விலகும், அடுத்த குலுக்கலில் ஒட்டும்; ஒட்டினால் கரண்ட் தகரத்தில் பாய்ந்து ஃபியூஸ் போகும். மலைப்பாதை முழுக்கக் குலுக்கல்தான்.



பிறகு ஸ்குரூவைக் கழற்றினார். வயரில் தோல் உரிந்த இடத்தில் டேப் சுற்றி, தகரம் படாத வழியாகக் கொண்டுபோனார். மீட்டரைத் திரும்ப மாட்டினார். இழுத்தார், அழுத்தினார். பல்பு எரியவில்லை.

தெய்வானை சிரித்துக்கொண்டே புது ஃபியூஸை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. மீட்டரைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே, பல்பை விட்டுக் கண் எடுக்காமல் நின்றார்.

“மக காத்துட்டு இருக்குதுங்ண்ணா.”

“அதனாலதானுங்க அம்மிணி,” என்றார்.